பெரிய டாக்டருக்கு வெளிச்சம் போதவில்லை

போன மாதம் எங்கள் சொசைட்டியின் கார் நிறுத்துமிடத்தில் புது விளக்குகள் மாட்டினார்கள். மறுநாளே செயலாளர் தன் போனை உள்ளங்கையில் மல்லாத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு விளக்கின் கீழும் போய் நின்றார். வெளிச்சத்தை அளக்கும் ஆப் ஒன்றை இறக்கியிருக்கிறாராம். அதில் ஐம்பது என்று வந்தது. மூன்றாம் மாடிக்காரர் தன் போனை நீட்டினார். அதே இடத்தில் நூற்றுப் பத்து. கான்ட்ராக்டரைத் திட்டுவதா பாராட்டுவதா என்று வாட்ஸ்ஆப் குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. வெளிச்சத்தை அளந்தே சம்பளம் வாங்கிய ஒருத்தி இரண்டாம் மாடியில் இருக்கிறாள் என்று யாருக்கோ ஞாபகம் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் இறங்கிப் போய், போனில் இருக்கும் சென்சார் திரையின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பதற்காக வைத்தது, அதை நம்பி ஒருவரைத் திட்டக்கூடாது என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, விலை அதிகமான போன் சொன்னதையே ஏற்பது என்று தீர்மானம் போட்டார்கள்.

இதை நான் வேலை பார்த்த லேபில் இப்போது இருக்கும் பிள்ளைகளிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "மேடம், இந்த மாதிரி உங்ககிட்ட நிறைய இருக்குமே, எழுதுங்களேன்" என்றார்கள். எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் தைரியமாகச் சொல்லலாம்.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக் குடும்பம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, அதனால் நான் வளர்ந்தது புனேயில், கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில். செண்பகவல்லி என்ற பெயர் இந்த ஊர் வாய்க்குள் நுழையவில்லை. பள்ளியில் சம்பா ஆனேன், வேலையில் சம்பா மேடம். பௌதிகம் படித்துவிட்டு தளேகாவில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். பல்பு, டார்ச், தெருவிளக்கு, வண்டியின் முன்விளக்கு, எதுவானாலும் தயாரிப்பவர் சொன்ன அளவு வெளிச்சம் அதிலிருந்து வருகிறதா என்று அளந்து சான்றிதழ் தரும் இடம். அம்மாவுக்கு இதை விளக்கினேன். "லைட்டைப் போட்டுப் பாக்கதுக்கா சம்பளம் தாராவ?" என்று கேட்டாள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் செய்த வேலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் துடைக்க விட்டார்கள், பிறகு எழுத விட்டார்கள், கடைசியில்தான் அளக்க விட்டார்கள். ஒரு விளக்கு எல்லாப் பக்கமும் சேர்த்து மொத்தமாக விடும் ஒளி லூமென். அதில் நம் மேஜைமேல் வந்து விழுவது லக்ஸ். இதைப் புரிந்துகொள்ள ஒரு நாள் போதும். ஒரு வியாபாரிக்குப் புரியவைக்க ஆயுசு போதாது. ஒருவர் டார்ச் கொண்டு வந்தார். பெட்டிமேல் பத்தாயிரம் லூமென் என்று போட்டிருந்தது. அளந்தால் நானூறைத் தாண்டவில்லை. காட்டினோம். மனிதர் அசரவில்லை. "பெட்டி ஏற்கெனவே அச்சாயிடுச்சே மேடம்" என்றார், தவறு டார்ச்சுடையது என்பதுபோல.

எங்கள் தலைவர் ஜோக்ளேகர் சார். புனேயின் பழைய பேட்டையான சதாசிவ் பேட்டில் பிறந்து வளர்ந்தவர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை செலவழித்தால் பேட்டைக்கே அவமானம் என்று நினைப்பவர். அவருடைய ராஜ்ஜியம் எங்கள் இருட்டறை. சுவர், கூரை, தரை எல்லாம் கறுப்பு. உள்ளே போகிறவர் கறுப்புக் கோட்டு போட வேண்டும், ஏனென்றால் வெளிர் நிறத் துணி விளக்கின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி விடும், அளவு கெட்டுவிடும். இது தெரியாமல் நான் முதல் நாள் எலுமிச்சை மஞ்சள் புடவையில் போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்தார். "நான் அளக்க வேண்டியது அந்த விளக்கையா, உங்க புடவையையா?" என்றார். என்னிடம் நீட்டிய கோட்டில் எனக்கு முன்னால் அங்கே வேலை செய்த அத்தனை பேருடைய வியர்வையும் இருந்தது.

ஒருமுறை அரசியல் பிரமுகர் ஒருவர் லேபைப் பார்க்க வந்தார். தூய வெள்ளை உடுப்பு. கோட்டு போட மாட்டேன் என்றார். ஜோக்ளேகர் சார் விளக்கை அணைத்துவிட்டார். "சாஹேப் உள்ளே இருக்கும்போது அளக்க முடியாது. சாஹேப் ரொம்பப் பிரகாசமா இருக்கார்" என்றார். பிரமுகர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்று மாலைக் கூட்டத்தில் மேடையிலேயே சொன்னாராம்.

அளக்கும் முறையிலும் ஜோக்ளேகர் சாருக்கு அவசரம் கிடையாது. எல்.இ.டி. விளக்கு போட்டவுடன் பளிச்சென்று இருக்கும். சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஒரு நிலைக்கு வரும். கம்பெனிக்காரர்கள் பக்கத்தில் நின்று "இப்பவே எடுங்க சார், இப்பவே" என்று துடிப்பார்கள். அவர் டீ சொல்லுவார். அளவுமானி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டும் வரைக்கும் எழுத மாட்டார். அப்போதும் எண்ணைத் தனியாக அனுப்ப மாட்டார். கூடக் குறைய இவ்வளவு என்று துணைக்கு இன்னொன்றைச் சேர்த்துத்தான் அனுப்புவார், வயசுப் பெண்ணை ஊருக்கு அனுப்புவது மாதிரி.

இன்னொன்றையும் அவர்தான் எனக்குச் சொன்னார். எங்கள் சென்சாரின் முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி இருக்கும். மனிதக் கண் எந்த நிறத்தை எவ்வளவு பிரகாசமாகப் பார்க்குமோ அந்த விகிதத்தில் சென்சாரும் பார்ப்பதற்காக. எந்த மனிதனின் கண் என்று கேட்டேன். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் சிலரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லி எடுத்த சராசரிக் கண்ணாம். உலகத்தில் விற்கும் அத்தனை லூமெனும் அந்தக் கண்ணின் கணக்கில்தான். "அந்தக் கண்ணுக்கு வயசாகாது. நமக்கு ஆகும். அதான் நாம கருவியை நம்பறோம்" என்றார். அதோடு அவருடைய தாரக மந்திரத்தையும் சேர்த்துக்கொண்டார். "நாம அளக்கறவங்க. கருத்து சொல்றவங்க இல்ல."

இந்த மந்திரத்துக்குச் சோதனை வந்தது ஒரு ஆபரேஷன் விளக்கால்.

பக்கத்தில் சாகண் தொழிற்பேட்டையில் நிதின் என்று ஒருவர். கார் கம்பெனிகளுக்கு மட்கார்டு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், துணிந்து ஆபரேஷன் தியேட்டருக்கான எல்.இ.டி. விளக்குகள் தயாரிக்க ஆரம்பித்திருந்தார். புனேயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவரிடம் வாங்கித் தன் தியேட்டர்களில் மாட்டியது. சில மாதங்களில் புகார் வந்தது. தலைமை சர்ஜனுக்கு வெளிச்சம் போதவில்லை. அவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஊரில் பாதி வயிறுகளைத் திறந்து மூடியவர். அவர் மங்கல் என்றால் சூரியனும் மங்கல்தான்.

நிதின் ஒரு விளக்கைத் தன் மகளின் மெத்தையில் சுற்றி டெம்போவில் கொண்டு வந்தார். "இது ஃபெயில் ஆனா நான் மறுபடி மட்கார்டுக்குத்தான் போகணும் மேடம்" என்றார்.

ஆபரேஷன் விளக்கை அளப்பது நிதானமான வேலை. விளக்கை உயரே மாட்டி, சூடேற விட்டு, ஒரு மீட்டர் கீழே சென்சாரை வைத்து நடுமையத்தின் லக்ஸை எடுக்க வேண்டும். பிறகு மையத்திலிருந்து விலகிப் போகப் போக எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். டாக்டர் குனிந்தால் அவர் தலை வெளிச்சத்தை மறைக்குமே, அதற்காகத் தலையளவு கறுப்புத் தகடு ஒன்றை விளக்குக்குக் கீழே பிடித்து மறுபடி அளக்க வேண்டும். டாக்டரின் தலையைவிட இந்தத் தகடு எனக்குப் பிடிக்கும், குறுக்கே பேசாது. எல்லாம் செய்தோம். விளக்கு தாராளமாகத் தேறியது.

ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை. சோதனைக்குக் கொடுத்தது நல்ல விளக்கு, தியேட்டரில் தொங்குவது மட்டம் என்றார்கள். தொங்குவதையே கழற்றி வரவைத்து அளந்தோம். அதுவும் தேறியது. அடுத்து, லேபும் கம்பெனியும் கூட்டு என்றார்கள். கடைசியில், தியேட்டரிலேயே, பெரிய டாக்டரின் கண்ணெதிரில் அளந்து காட்ட வேண்டும் என்று அழைப்பு வந்தது.

"போங்க. நம்பரைச் சொல்லுங்க. வந்துடுங்க" என்றார் ஜோக்ளேகர் சார்.

போனேன். அன்று பிற்பகல் தியேட்டர் காலி. பச்சை கவுனும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். உள்ளே நிர்வாக அதிகாரி, மயக்க மருந்து டாக்டர், ஜூனியர் சர்ஜன் ஒருவர், தியேட்டர் நர்ஸ் ஷிண்டே சிஸ்டர், தொளதொளவென்ற கவுனுக்குள் நிதின். மேஜைமேல் சென்சாரை வைத்து அளந்தேன். ஒரு லட்சத்து இருபதாயிரம் லக்ஸ், லேபில் தேறிய அதே அளவு. சொன்னேன்.

பெரிய டாக்டர் கையை வீசினார். "நம்பரெல்லாம் வேண்டாம் மேடம். முப்பது வருஷமா வெட்டறேன், எனக்கு வெளிச்சம் தெரியும். பழைய விளக்கு எவ்வளவோ மேல். இது மங்கல், மஞ்சள் வேற."

எனக்கு அங்கேதான் ஏதோ இடித்தது. மஞ்சளாக இருந்தது பழைய ஹாலோஜன் விளக்கு. புதியது வெள்ளை, அதன் நிறத்தையும் நானே அளந்திருந்தேன். அதோடு, ஷிண்டே சிஸ்டர் வெளிச்சம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"நம்பலைன்னா காட்டறேன்" என்று பெரிய டாக்டர் சிஸ்டரிடம் இரண்டு தையல் நூல்கள் கேட்டார். சிஸ்டர் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தார். கைக்கு ஒன்றாக அவற்றை விளக்கின் கீழே பிடித்தார். "ஒண்ணு நீலம், ஒண்ணு கறுப்பு. இந்த வெளிச்சத்துல எது எதுன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

நீலம் என்றால் நல்ல மை நீலம். பக்கத்து அறையிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

மயக்க மருந்து டாக்டர் குனிந்து பார்த்தார். "கஷ்டம்தான் சார்."

ஜூனியர் சர்ஜன் இன்னும் அருகே குனிந்தார். "இம்பாசிபிள் சார்."

நிர்வாக அதிகாரி குனியக்கூட இல்லை. "எனக்கும் தெரியல சார்."

நிதின் பாவம். தெரிகிறது என்றால் வாடிக்கை போச்சு, தெரியவில்லை என்றால் விளக்கு போச்சு. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க?"

அதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மையில் வெறும் பழக்கதோஷம். இரண்டு பொருளை நீட்டி வித்தியாசம் கேட்டால் சொல்வதற்குத்தான் அத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருந்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "வலது கையில நீலம் சார். இடது கையில கறுப்பு."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சிஸ்டர்?" என்றார்.

"ஆமா சார்" என்றார் சிஸ்டர். காதில் விழாத குரல்.

பெரிய டாக்டர் நூல்களைத் தட்டில் போட்டார். "கம்பெனிக்காரன் காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளு வேற என்ன சொல்லும்?" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனார். லிஃப்ட் வரைக்கும் என்னை வழியனுப்ப வந்தவர் அந்த ஜூனியர் சர்ஜன். கதவு மூடும்போது குனிந்து, "மேடம், வலது கையில இருந்தது நீலம்தான்" என்று ரகசியம் சொன்னார். எனக்கு இந்தச் செய்தி மிகவும் உபயோகமாக இருந்தது.

தளேகாவ் திரும்பும் ரயிலில்தான் எனக்கு உறைத்தது, பெரிய டாக்டருக்கு நிஜமாகவே நீலம் தெரியவில்லை. அந்த மனிதர் நாளைக் காலை யாரையாவது திறப்பார். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் படித்தவர்கள், எல்லாருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது, ஒருத்தர்கூட வாய் திறக்க மாட்டார்கள்.

ஜோக்ளேகர் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். "நாம கருத்து சொல்றவங்க இல்ல, சரி சார். ஆனா அவர் நாளைக்குக் கத்தி எடுப்பாரே" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அறிக்கையைத் தானே தட்டச்ச உட்கார்ந்தார். எண்களெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: இச்சோதனை சராசரிக் கண்ணின் அடிப்படையில் செய்யப்பட்டது, புகார் கூறியவரின் கண் எங்களிடம் சோதனைக்கு அனுப்பப்படவில்லை.

"சார், இது கருத்து இல்லையா?"

"தகவல். அனுப்பினாங்களா? அனுப்பல" என்றார். அதை நிர்வாக அதிகாரிக்கு அனுப்பாமல், பெரிய டாக்டரின் பெயரெழுதி ஒட்டிய உறையில் அவர் வீட்டுக்கே அனுப்பினார்.

உறை போய்ச் சேர்ந்த அன்றே பெரிய டாக்டரின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. வராந்தாவிலிருந்தே சத்தம் கேட்டது. லேபை இழுத்து மூடிவிடுவாராம், உரிமத்தைப் பிடுங்கிவிடுவாராம். ஜோக்ளேகர் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உள்ளே போய்ப் பேசலாம். முதல்ல கோட்டு போட்டுக்குங்க" என்றார். இருட்டறைக்குள் கோபப்படுவது கஷ்டம். முகம் தெரியாத இடத்தில் யாரைப் பார்த்துக் கத்துவது?

அங்கே பழங்காலத்துக் கருவி ஒன்று இருந்தது, சென்சார் வராத காலத்தில் கண்ணாலேயே வெளிச்சத்தை அளந்தது. நீளமான தண்டவாளத்தின் இரு முனையிலும் இரண்டு விளக்குகள். நடுவில் நகரும் பெட்டி. அதன் குழாயில் கண்ணை வைத்தால் ஒரு வட்டம் தெரியும். பாதியில் இந்த விளக்கின் ஒளி, பாதியில் அந்த விளக்கின் ஒளி. இரண்டு பாதியும் சமமாகத் தெரியும் வரை பெட்டியை நகர்த்த வேண்டும். ஜோக்ளேகர் சார் ஒரு முனையில் பழைய ஹாலோஜன் பல்பும் மறுமுனையில் நிதினின் விளக்கிலிருந்து எடுத்த எல்.இ.டி.யும் வைத்தார்.

"சமமாக்குங்க டாக்டர்."

பெரிய டாக்டர் நகர்த்தினார். பெட்டி எல்.இ.டி. பக்கமாக வெகுதூரம் போய் நின்றது, அவ்வளவு கிட்டே போனால்தான் அதன் ஒளி அவர் கண்ணுக்குப் போதியது. ஜோக்ளேகர் சார் அளவைப் படித்துவிட்டு என்னைச் செய்யச் சொன்னார். என் பெட்டி ஏறக்குறைய நடுவிலேயே நின்றது.

"இவங்க உங்க ஆளு" என்றார் பெரிய டாக்டர். "என் டிரைவரைக் கூப்பிடுங்க."

டிரைவர் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பயந்து பயந்து வந்தார். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நகர்த்தினார். நான் நிறுத்திய இடத்துக்கு ஒட்டியே நிறுத்தினார். அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பெரிய டாக்டர் மறுபடி குழாயில் கண் வைத்தார். பெட்டி மறுபடி எல்.இ.டி. பக்கமே போனது. இன்னொரு முறை. அதே இடம்.

பெரிய டாக்டர் குழாயிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "நீங்க ஏன் பார்க்கல?" என்று ஜோக்ளேகர் சாரைக் கேட்டார்.

"நான் அம்பது தாண்டினதும் இதுல பார்க்கறதை நிறுத்திட்டேன். வயசானா கண்ணுக்குள்ள மஞ்சள் ஏறும். நீலத்தை முதல்ல தின்னுடும். நமக்கே தெரியாது."

எனக்குத் தெரிந்து அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

பெரிய டாக்டர் கோட்டைக் கழற்றி ஆணியில் ஒழுங்காக மாட்டினார். "இந்த டெஸ்டுக்கு ரிப்போர்ட் உண்டா?"

"இது டெஸ்ட் இல்ல. விளக்கு சூடேறற வரைக்கும் பொழுதுபோக்கு" என்றார் ஜோக்ளேகர் சார்.

மறுநாளிலிருந்து பெரிய டாக்டர் கத்தியை ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பதாக நிதின் சொன்னார். பிறகு பெரிய டாக்டர் சென்னையில் ஏதோ மாநாடு என்று போனார். சில வாரம் கழித்து இன்னொரு மாநாடு என்று மறுபடி சென்னை போனார். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு மாநாடு.

திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரியில் ஒரு விழா வைத்தார்கள், மேம்படுத்தப்பட்ட விளக்குகளின் தொடக்க விழா. எங்களுக்கும் அழைப்பு. பெரிய டாக்டர் பேசினார். தரத்தில் சமரசம் கூடாது, தாம் விடாமல் வற்புறுத்தியதால்தான் கம்பெனி குறையைச் சரிசெய்தது, இப்போது தியேட்டர் பகல்போல இருக்கிறது என்றார். பலத்த கைதட்டல். இம்பாசிபிள் சொன்ன ஜூனியர்தான் அதிகம் தட்டினார். நிதினுக்குச் சால்வை போட்டார்கள். அவர் என் பக்கம் வந்து, "ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொடல மேடம்" என்றார். ஆனால் சால்வையைக் கழற்றவில்லை. அடுத்த மாதம் வந்த அவருடைய விளம்பரத்தில், புகழ்பெற்ற சர்ஜனின் ஆலோசனைப்படி மேம்படுத்தப்பட்டது என்றே அச்சடித்திருந்தார்.

ஜோக்ளேகர் சார் ஒரு மூலையில் படாட்டா வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாம ஏதாவது திருத்தணுமா சார்?" என்று கேட்டேன்.

"விளக்கு அதே. அளவு அதே. எதைத் திருத்தறது?" என்று இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் கூட்டத்திலிருந்து விலகி என்னிடம் வந்தார். நன்றி என்றோ மன்னிப்பு என்றோ ஒன்றும் சொல்லவில்லை. என் புடவையைப் பார்த்தார், நீலப் புடவை. "நீலம் இவ்வளவு நீலமா இருக்கும்னு மறந்தே போயிருந்தேன்" என்றார். வேறு யாரோ கூப்பிட, போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை, அது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

கிளம்பும்போது ஷிண்டே சிஸ்டர் வராந்தாவில் டீக் கோப்பைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். விழாவில் ஒருவரும் கேட்காததைக் கேட்டேன்.

"சிஸ்டர், அந்த மாசங்கள்ல அவர் ஆபரேஷன் பண்ணினவங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "நூலை எல்லாம் நான்தான் மேடம் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொண்ணையும் பேர் சொல்லித்தான் கொடுத்தேன், நீலம் சார், கறுப்பு சார்னு. ரத்தம் கசிஞ்சா முதல்ல நான் பார்த்துச் சொல்லிடுவேன். ஜூனியர் சார் எதிர்ப்பக்கம் நின்னு சரி பண்ணுவார். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"யாருக்கும் சொல்லணும்னு தோணலையா?"

"நான் சொன்னா யாரு மேடம் நம்புவாங்க? அதான் பக்கத்துலயே நின்னேன். லீவுகூடப் போடல." கோப்பைகளை அடுக்குவது நின்றது. "பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் ஒரு வாரம் போட்டேன். அந்த வாரம் எனக்குத் தெரியாது மேடம்."

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.